ஆடியில் போடாத கையெழுத்து

சித்திரை கழிந்ததிலிருந்து ஆவணி பாதி வரைக்கும் எங்கள் வீட்டில் போன் அடித்தால் யாரும் உடனே எடுப்பதில்லை. என் மகன் பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறவன். ஆட்டம் நடக்கிற மாதங்களில் காலில் அடிபட்டுவிடுமோ என்று பயம் இருக்கும். ஆட்டம் இல்லாத மாதங்களில் இருப்பது வேறு பயம். அடுத்த வருஷம் அணியில் யார் இருப்பார்கள், யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகும். பந்து உருளாத காலத்தில்தான் பந்து விளையாடுகிறவர்களின் பிழைப்பைத் தீர்மானிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது.

நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். சிதம்பரத்தில் ஒரு மாணவர் விடுதியின் சமையல்கட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். சாமான் சீட்டையும் அரிசி மூட்டையில் எழுதியிருப்பதையும் படித்துப் படித்துத்தான் எழுத்து கூடியது. புருஷன் சீக்கிரமாகப் போய்விட்டார். ஒரே பிள்ளை, அதுவும் முப்பத்தொன்பது வயசில் பெற்றது. அவனை வளர்க்க யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை என்ன செய்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அவன் அணியில் பின்னால் நிற்கிறவன். எதிராளியைக் கோல் போடவிடாமல் மறிப்பது அவன் வேலை. கோல் போட்டவன் பெயர் பேப்பரில் வரும். மறித்தவன் பெயர் வராது. மறிக்காமல் விட்டால் வரும். அப்படி ஒரு வேலையில் பத்து வருஷம் இருந்தான். கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில். போன வருஷம் அவனுக்கு முப்பத்தொரு வயசு முடிந்தது. மற்ற வேலையில் அது வாலிபம். இந்த வேலையில் அந்த வயசைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

அவனுக்காக அணிக்காரர்களிடம் பேச ஒரு ஆள் உண்டு. ஏஜென்ட் என்பார்கள். சென்னைக்காரர், நல்ல வாய். போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகனும் மருமகளும் கடலூரில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். வேலையிலிருந்து நின்றபின் நானும் அவர்களோடு வந்துவிட்டேன். மருமகள் இந்த ஊர் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த வேதக்காரப் பெண். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவளும் ஒரு காலத்தில் மாவட்டத்துக்குப் பந்து விளையாடியவள். ஆட்டத்தைப் பற்றி என் மகன் சொன்னால் எனக்குப் பாதி புரியும். அவள் சொன்னால் முழுசும் புரியும்.

ஏஜென்டுக்கு வஞ்சிரம் வறுத்து வைத்தேன். மூன்று துண்டு தின்ற பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, ஒரு டீமு எல்லா பிளேயருக்கும் சேர்த்து வருஷத்துக்கு இவ்ளோதான் சம்பளம் குடுக்கலாம்னு லீக்ல ஒரு லிமிட் வெச்சிருக்காங்க. காசு இருக்கறவன் நல்ல பிளேயர் எல்லாத்தையும் அள்ளிக்கினு போயிடக் கூடாதில்ல?"

"நல்லதுதானே?" என்றேன்.

"நல்லதுதான். ஆனா இருக்கறவங்க சம்பளம் போக மிச்சம் இருந்தாத்தான் புது ஆள் எடுக்க முடியும். இப்போ இவுங்களுக்கு கோல் போட ஒரு ஆள் வேணும். வெளிநாட்டுக்காரன் ஒருத்தனப் பாத்து வெச்சிருக்காங்க. இடம் இல்ல."

"இடம் இல்லன்னா? எத்தினி பேர் உக்கார்ற பஸ்ஸுங்க அது?"

மகன் சிரித்துவிட்டான். மருமகள்தான் சொன்னாள். "பஸ்ஸுல சீட்டு இருக்குது அத்தை. சம்பளத்துலதான் இடம் இல்ல. நெலத்துக்கு உச்சவரம்பு போட்டாங்கன்னு சொல்வீங்களே, அது மாதிரி."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உச்சவரம்பு எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி லால்பேட்டைப் பக்கம் போன புதிதில், என் மாமனார் பேரில் நாலு ஏக்கர் நஞ்சை இருந்தது. இருந்தது என்றால் காகிதத்தில். சட்டம் வந்ததும் பண்ணையார் தன் நிலத்தை ஊரில் வேலை செய்கிறவர்கள் பேருக்கெல்லாம் எழுதி வைத்துவிட்டார். சமையல்காரர் பேரில் கொஞ்சம், வண்டிக்காரர் பேரில் கொஞ்சம். என் மாமனார் அந்த நாலு ஏக்கரில் கூலிக்குத்தான் நடவு பார்த்தார். பிறகு ஒரு நாள் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போய், இன்னொருத்தர் பேருக்கு மாற்ற விரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது அவருக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தார்கள்.

"அப்போ என் புள்ளதான் அந்த நாலு ஏக்கரா?" என்று கேட்டேன்.

ஏஜென்டுக்குக் கதை தெரியாது. மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாதம் பிசைந்தாள்.

இடம் பண்ணுவதற்கு அவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று ஏஜென்ட் விலாவாரியாகச் சொன்னார். ஒரு ஆளை ஒரு வருஷத்துக்கு வேறு அணிக்கு இரவல் கொடுப்பார்களாம். அவனுடைய சம்பளத்தில் பாதியை அந்த அணி கொடுக்கும், இங்கே பாதி இடம் காலியாகும். ரொம்பப் பெரிய ஆட்டக்காரர்கள் ஒன்றிரண்டு பேரை அந்தச் சம்பளக் கணக்கிலேயே சேர்க்காமல் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதாம். சில பேரிடம், உனக்கும் வேண்டாம் எங்களுக்கும் வேண்டாம், சம்மதமாகப் பிரிந்துபோவோம் என்று எழுதி வாங்குவார்களாம். என் மகனைப் போல நாள்பட்ட ஆட்களிடம் இன்னொன்று கேட்பார்களாம். இந்த வருஷச் சம்பளத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள், குறைத்ததை அடுத்த வருஷத்தில் சேர்த்துத் தருகிறோம், ஒப்பந்தத்தையும் ஒரு வருஷம் நீட்டிக்கொள்ளலாம் என்று.

"அதுதான் இவருக்கு வரும்னு நெனைக்கிறேன். வந்துச்சுன்னா கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போட்டுடுங்க. முப்பத்தொண்ணு வயசுல ஒரு வருஷம் சேர்த்துக் குடுக்கறவன் தெய்வம்."

"கொறச்சுக் குடுக்கறவன் தெய்வமா?" என்றேன் நான்.

"அம்மா, உங்க கையில மீன் மட்டும் வாங்கிச் சாப்புடணும். பேச்சு வாங்கக் கூடாது" என்று அவர் எழுந்து கை கழுவினார்.

அவர் சொன்னபடியே காகிதம் வந்தது. ஆடி பிறந்து நாலாம் நாள். போனில் வந்ததை மருமகள் பள்ளிக்கூடத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். ஐந்து பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அவள் ஒவ்வொரு பக்கமாகப் படித்துத் தமிழில் சொன்னாள். பத்து நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மகன் பேனாவை எடுத்துவிட்டான்.

"ஆடியிலயா போடப் போற?" என்றேன்.

பேனா அப்படியே நின்றது.

எங்கள் வீட்டில் ஆடியில் புது விளக்குமாறுகூட வாங்கமாட்டோம். இதை மருமகள் அறிவாள். கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் அவள் இதற்கெல்லாம் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"இது புதுசு இல்ல அத்தை. இருக்கற ஒப்பந்தத்தத்தான் திருத்துறாங்க."

"திருத்துனா புதுசுதான்."

"முந்தாநாள் ஆடித் தள்ளுபடியில பொடவ எடுத்தாந்தீங்களே?"

"எடுத்தன். கட்டுனனா? ஆவணி பொறந்துதான் கட்டுவன்."

"பொடவ காத்திருக்கும் அத்தை. டீமு காத்திருக்காது."

"ஏன் காத்திருக்காது? அஞ்சு வருஷம் அவுங்களுக்காக மூட்டு வீங்க வீங்க நின்னவன் இவன். ஒரு மாசம் நிக்க மாட்டாங்களா? தள்ளுபடியில போற பொடவன்னு நெனச்சிக்கினாங்களா என் புள்ளைய?"

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இது ஆடியைப் பற்றிய பேச்சு அல்ல என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லவில்லை. புருஷனைப் பார்த்து, "நீங்க என்னா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் பேனாவை மூடினான். "இன்னும் நாலு வாரந்தான. கேட்டுப் பாக்கறேன்."

கேட்டான். ஏஜென்ட் முதலில் சிரித்தாராம். பிறகு சத்தம் போட்டாராம். குடும்பத்தில் ஒரு விசேஷம், ஆவணி பிறந்ததும் போட்டுவிடுவான் என்று அணிக்காரர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றாராம். அவர்களும் சரி பார்க்கலாம் என்றார்களாம். அந்தப் "பார்க்கலாம்" என்ற வார்த்தையை நான் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக் காட்டினேன். பார்த்தீர்களா, என் மகனுக்கு மரியாதை இருக்கிறது என்று. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த என் நாத்தனாரிடம்கூடச் சொன்னேன்.

ஆடி மூன்றாம் வாரம் ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் கேட்டோம்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோ. அந்த ஃபாரின் பிளேயருக்கு வேற டீமும் ஆஃபர் குடுத்துட்டான். இவுங்களுக்கு எடம் இந்த வாரமே வேணும். நீ கொறச்சுக் குடுக்கறதுலதான் அவன் உள்ள வரணும். நீ போடலன்னா அவுங்க வேற எங்கயாச்சும் வெட்டுவாங்க. நாளைக்கே போடு."

மகன் என்னைப் பார்த்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

"வெட்டட்டும்" என்றேன். "இவன் இல்லாம பின்னாடி எவன் நிப்பான்னு பாக்கலாம்."

மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மகன் போனில், "ஆவணி ஒண்ணாந்தேதி போட்டுடறேண்ணா" என்றான்.  "உன் இஷ்டம் தம்பி" என்று ஏஜென்ட் வைத்துவிட்டார்.

அவர்கள் வெட்டினார்கள். ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது செய்தி வந்தது. கோல் போடுகிற வெளிநாட்டுக்காரனை எடுத்தாயிற்று. அதே நாளில், பின்னால் நிற்பதற்கு இருபத்திரண்டு வயசு ஆள் ஒருத்தனையும் எடுத்தாயிற்று. அவன் சம்பளம் என் மகனுடையதில் நாலில் ஒரு பங்கு. பயிற்சிக்கு வர வேண்டியவர்களின் பட்டியல் வந்தது. மருமகள் அதை மேலிருந்து கீழ் வரை படித்தாள். பிறகு கீழிருந்து மேலே படித்தாள்.

ஏஜென்ட் விளக்கம் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ கொஞ்சம் கொறச்சிருந்தா அவுங்களுக்குக் கொஞ்சம் எடம் கெடச்சிருக்கும். அது கெடைக்கலன்னதும் கணக்குப் போட்டுப் பாத்தாங்க. உன்னையே தூக்கிட்டா மொத்தமா எடம் கெடைக்குது. சின்னப் பையனுக்குக் குடுத்தது போவ மிச்சமும் இருக்குது. பகை ஒண்ணும் இல்ல தம்பி. கோச்சுக்கு உன்ன அனுப்ப மனசே இல்ல."

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அதனால் சும்மா அனுப்ப முடியாது. சம்மதமாகப் பிரிகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மூன்று மாதச் சம்பளம். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றால் வருஷம் பூராவும் சம்பளம் வரும், ஆனால் லீக்கில் பேரைப் பதியமாட்டார்கள். மைதானத்தில் கால் வைக்க முடியாது. முப்பத்தொரு வயசில் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார்ந்தவனைப் பிறகு யாரும் கூப்பிடமாட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு அணியில் கேட்டுப் பார்க்கலாம். பிரிகிற காகிதம் வந்து சேர்ந்தபோது, ஆட்களை எடுப்பதற்கான கெடு முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"எழுதிக் குடுத்துடறேன்" என்றான் மகன். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு அங்கேயே ஸ்கேன் பண்ணி அனுப்புவதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆவணியின் முதல் முகூர்த்த நாள் அது. ரோடெல்லாம் கல்யாண வேன். மாலை கட்டிய கார் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. பைக்கில் போகும்போது முன்னால் இருந்தபடியே கேட்டான்.

"இன்னிக்கு நாளு எப்படிம்மா?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்டானா, பழக்கத்தில் கேட்டானா, தெரியவில்லை. "நல்ல நாளுதான்" என்றேன்.

கடைக்காரருக்கு அவனைத் தெரிந்திருந்தது. முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அண்ணே! வாங்க வாங்க. இன்னும் கேம்புக்குப் போவலியா?"

"போவணும்" என்றான்.

"இந்த வருஷம் நம்ம டீமு எப்படிண்ணே?"

"நல்லா இருக்கும். முன்னாடி வெளயாட நல்ல ஆளு வந்திருக்கான்."

"முன்னாடி எவன் வந்தா என்னா? பின்னாடி நீங்க நிக்கிறீங்க, எங்களுக்கு அது போதும்."

என் மகன் அதற்கும் சிரித்தான். கண்ணாடிப் பலகை மேல் காகிதத்தை வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். மூன்றே பக்கம். கூடுதலாக ஒரு வருஷம் தருவதற்கு ஐந்து பக்கம் வேண்டியிருந்தது. கடைக்காரர் அதை எடுத்து மெஷினில் வைக்கும்போது பார்வை காகிதத்தில் ஓடியது. எவ்வளவு இங்கிலீஷ் தெரியுமோ, பேசுவதை நிறுத்திவிட்டார். காசு கொடுத்தபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவன் கட்டாயப்படுத்திக் கொடுத்தான். அந்த விஷயத்தில் அவன் என் பிள்ளை.

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு விட்டான். வெயில் நேரம், ஆள் இல்லை. வண்டியிலிருந்து இறங்கி நின்றோம். நான் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணித்தான் கூட வந்திருந்தேன்.

"ஆடி மாசம்னு நான் சொன்னது முழுசும் நெசம் இல்லடா."

"தெரியும்மா."

"என்னா தெரியும்?"

"என்ன ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல கொண்டாந்து சேத்தியே, அது என்னா மாசம்?"

ஆடி. பதிமூன்று வயசில் அவனைத் தகரப் பெட்டியோடு கூட்டிப்போய் விட்டது ஆடி மாதம். இடம் கிடைத்ததே பெரிசு என்று இருந்தேன். அன்றைக்கு எனக்கு மாசமும் ஞாபகம் வரவில்லை, கிழமையும் ஞாபகம் வரவில்லை. கேட்கிறவளாகப் போனபோது வராத ஆடி, கொடுக்கிறவளாக ஆனபோது வந்துவிட்டது. என் மகனுடைய விலையைக் குறைத்துச் சொல்கிற காகிதத்தில் அவன் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி. வாயால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆடி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

"தெரிஞ்சிக்கினேவா என் பேச்ச கேட்ட?" என்றேன். "அவ தலப்பாடா அடிச்சிக்கினாளே. அவ பேச்சக் கேட்டிருக்கக் கூடாதா?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கும் கொறச்சுக்க மனசு இல்லம்மா. நீ ஆடின்னு சொன்னதும் நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு."

 அவன் மட்டும் வீம்பு இல்லாதவனாக இருந்திருந்தால் என் பழி எனக்கு என்று சுமந்துவிட்டுப் போயிருப்பேன். அவனுக்குள்ளும் நான்தான் இருந்தேன். அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

அந்தப் பத்து நாளில் ஏஜென்ட் எட்டு அணிகளிடம் பேசினார். ஆள் நல்ல ஆள்தான், தெரியும், ஆனால் எங்கள் சம்பளக் கணக்கு நிறைந்துவிட்டது என்றார்கள். போன மாதமே வந்திருந்தால் என்று இரண்டு பேர் சொன்னார்களாம். ஒரு அணி ஆசை காட்டியது. ஒரு ஆளை இரவல் அனுப்பப் போகிறோம், அனுப்பியதும் இடம் வரும், காத்திருங்கள் என்றது. கெடு முடிகிற நாளில் சாயங்காலம் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தான். அவர்கள் அனுப்ப இருந்த ஆள் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அவன் வீட்டிலும் ஒரு அம்மா இருந்திருப்பாள்.

மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். வழக்கம்போல் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தள்ளுபடியில் எடுத்த புடவையை நான் கட்டவே இல்லை. அது ஏன் என்றும் அவள் கேட்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்க என் மகனைக் கூப்பிட்டார்கள். போகிறான். சம்பளம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அணியில் இருந்தபோது செய்த பயிற்சிகளைக் காலையில் மணலில் தனியாகச் செய்துவிட்டு வருகிறான். தை மாதம் மறுபடி ஆள் எடுப்பார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவருடைய குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த அணியின் முதல் ஆட்டம் டி.வி.யில் வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். என் மகன் நிற்கிற இடத்தில் அந்த இருபத்திரண்டு வயசுக்காரன் நின்றான். ஒல்லியாக, நல்ல வேகமாக இருந்தான். முதல் பாதி ஒழுங்காகத்தான் ஆடினான். இரண்டாம் பாதியில் எதிராளி ஒருத்தன் பந்தோடு வரும்போது இவன் இரண்டடி முன்னால் போய்விட்டான். பின்னால் வெறும் இடம். பந்து உள்ளே போய்விட்டது.

எனக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன். இவன் இல்லாமல் எவன் நிற்பான் என்று நான் சொன்னது பலித்துவிட்டது என்று இருந்தது.

அந்த நொடியில் என் மகன் தரையில் கையை ஊன்றி முட்டிபோட்டு எழுந்து, "எறங்குடா, பின்னாடி எறங்கு, எறங்கு" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். பந்து உள்ளே போனதும் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுடைய அணி கோல் வாங்கிய துக்கம்தான் அவன் முகத்தில் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"சின்னவன்" என்றான். "அவன் தப்பு இல்ல. பக்கத்துல நின்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்."

மருமகள் ரிமோட்டை எடுத்தாள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். ஆட்டத்தில் இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்தது. அவனுக்காக நானும் கடைசி வரைக்கும் பார்த்தேன். அவர்கள் தோற்றுப் போனார்கள்.